கால் போய்விடும் என்ற பயமே காலைப் போக்கிவிடக் கூடாது

பிரிக்பீல்ட்ஸ் - "ஆஸ்பத்திரிக்குப் போனா காலை எடுத்துருவாங்க." இந்த வரியைக் கேட்காத இந்தியக் குடும்பம் நம் நாட்டில் குறைவு. காலில் புண்ணோடு இருக்கும் தாத்தா சொல்வார், பாட்டி சொல்வார், லோரி ஓட்டும் மாமாவும் சொல்வார். கட்டைவிரல் புண்ணைக் காட்டப் போனவர் முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாமல் திரும்பி வந்தார் என்ற கதை ஒவ்வொரு தாமானிலும், ஒவ்வொரு அடுக்குமாடியிலும் உண்டு. கதை பொய்யல்ல. ஆனால் அதில் ஒரு விவரம் மட்டும் எப்போதும் விடுபட்டுப் போகிறது. புண் வந்து எத்தனை நாள் கழித்து அவர் மருத்துவமனைக்குப் போனார்?

கால் அகற்றப்படும் என்ற பயத்தில் பலர் வாரக்கணக்கில் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். கடைசியில் காய்ச்சலும் நாற்றமும் வந்த பிறகு அவசரப் பிரிவுக்குக் கொண்டு போகிறார்கள். அப்போது மருத்துவர் கையில் இருக்கும் வழிகள் மிகக் குறைவு. பயந்தது அப்படியே நடந்துவிடுகிறது. அதைப் பார்க்கும் அடுத்த வீட்டுக்காரர் இன்னும் அதிகமாகப் பயப்படுகிறார். இந்தச் சுழல் எப்படி வேலை செய்கிறது, எந்த இடத்தில் அதை நிறுத்தலாம் என்பதைத் தெரிந்துகொள்வது நம் எல்லாருக்கும் அவசியம்.

நம் சமூகத்துக்கு ஏன் இது பெரிய விஷயம்?

சுகாதார அமைச்சின் 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டில் 18 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, அதாவது நாம் சொல்லும் இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 31.4 விழுக்காடு. பத்துப் பேர் கூடியிருக்கும் ஒரு குடும்ப விருந்தில் மூன்று பெரியவர்களுக்கு இந்த நோய் இருக்கிறது என்று அர்த்தம். அதே ஆய்வில், நீரிழிவு உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது.

2023-ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் மொத்த அளவு 15.6 விழுக்காடாக இருந்தது. அப்போதும் நீரிழிவு உள்ள ஐவரில் இருவர் அதை அறியாமலேயே இருந்தார்கள்.

விபத்தில் கால் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நம்மிடையே பெரும்பாலும் கால் போவது நீரிழிவாலும், கால் ரத்தக் குழாய் அடைப்பாலும்தான். நீரிழிவினால் நடக்கும் கால் அகற்றங்களில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்டவை பாதத்தில் வந்த ஒரு புண்ணில்தான் தொடங்குகின்றன. புண் என்றால் ஆரம்பத்தில் பெரிதாக ஒன்றும் இருக்காது. புதுச் சப்பாத்து கடித்த கொப்புளம், நகம் வெட்டும்போது பட்ட கீறல், கால் ஆணியைப் பிளேடால் சீவியது, குதிகால் வெடிப்பு. அவ்வளவுதான்.

சிறு புண் எப்படிக் காலையே கேட்கிறது?

மூன்று விஷயங்கள் ஒன்று சேரும்போது இது நடக்கிறது.

முதலாவது, மரத்துப்போதல். பல வருடங்கள் ரத்தத்தில் சர்க்கரை அதிகமாக இருந்தால் பாதத்தின் நரம்புகள் கெட்டுப்போகின்றன. முள் குத்தினாலும் தெரியாது. சிலிப்பருக்குள் சிறு கல் இருந்தாலும் தெரியாது. காலை முழுக்க அந்தக் கல்லின் மேலேயே நடந்துவிட்டு, மாலையில் காலுறையில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் விஷயம் தெரியும்.

இரண்டாவது, ரத்தம் போதாமை. இருதயத்தின் ரத்தக் குழாயில் கொழுப்பு படிந்தால் மாரடைப்பு வருகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். அதே படிவு கால் ரத்தக் குழாய்களிலும் வருகிறது. புண் இல்லாத பாதம் குறைந்த ரத்தத்திலும் எப்படியோ சமாளித்துக்கொள்ளும். ஆனால் ஒரு புண் ஆற வேண்டுமென்றால் அந்த இடத்துக்குப் பல மடங்கு அதிக ரத்தம் தேவை. குழாய் அடைத்திருந்தால் அந்த ரத்தம் வராது. எவ்வளவு நல்ல மருந்து போட்டுக் கட்டினாலும் புண் அப்படியே இருக்கும்.

மூன்றாவது, கிருமித் தொற்று. சர்க்கரை அதிகமாக இருக்கும் உடலில் கிருமியை எதிர்க்கும் சக்தி குறைவு. ரத்தம் சரியாகப் போகாத இடத்துக்கு ஆன்டிபயோட்டிக் மருந்தும் சரியாகப் போகாது. விரலில் தொடங்கிய சீழ் தசை நார் வழியாகப் பாதத்துக்குள் ஏறி, எலும்பையும் தொட்டுவிடும்.

புண், ரத்த ஓட்டம், கிருமி ஆகிய இந்த மூன்றையும் தனித்தனியாக மதிப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை தரம் போடும் முறையை 2014-இல் அமெரிக்க ரத்தக் குழாய் அறுவை மருத்துவர் சங்கம் வெளியிட்டது. காலைக் காப்பாற்ற முடியுமா, ரத்த ஓட்டத்தைச் சரிசெய்தால் பலன் இருக்குமா என்று கணிக்க உலகெங்கும் மருத்துவர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள். நோயாளிக்கு இதில் தெரிய வேண்டியது ஒன்றுதான். புண்ணை மட்டும் பார்த்தால் போதாது. மற்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் காலின் நிலைமை தெரியும்.

யாருக்கு ஆபத்து அதிகம்?

புகைப்பவர்கள் முதலில். கால் ரத்தக் குழாய் அடைப்புக்கு நீரிழிவும் புகையும்தான் மிகப் பெரிய காரணங்கள். இரண்டும் ஒருவரிடமே இருந்தால் ஆபத்து பன்மடங்கு ஆகிறது. காலில் புண் இருக்கும்போது தொடர்ந்து புகைப்பவருக்கு, செய்த சிகிச்சையும் நிலைப்பதில்லை.

அடுத்து, சிறுநீரகம் பழுதானவர்கள். நம் நாட்டில் புதிதாக ரத்தச் சுத்திகரிப்பு சிகிச்சைக்குப் போகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களின் சிறுநீரகம் பழுதானதற்கு நீரிழிவே காரணம். இவர்களின் ரத்தக் குழாய்களில் சுண்ணாம்பு போலப் படிந்து இறுகிவிடுவதால் புண் ஆறுவது இன்னும் கடினம்.

உயர் ரத்த அழுத்தமும் கொலஸ்ட்ராலும் உள்ளவர்கள், 10 ஆண்டுகளுக்கு மேல் நீரிழிவு உள்ளவர்கள், ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், முன்பு ஒரு முறை பாதப் புண் வந்து ஆறியவர்கள், ஒரு விரலை ஏற்கெனவே இழந்தவர்கள் ஆகிய எல்லாருமே கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டியவர்கள்.

கண் பார்வை குறைந்தவர்களையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டும். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கும் பிரிக்பீல்ட்ஸ் மக்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. நீரிழிவு காலின் நரம்பைக் கெடுப்பதுபோலவே கண்ணின் திரையையும் கெடுக்கிறது. தன் பாதத்தில் புண் இருப்பதை உணரவும் முடியாமல், பார்க்கவும் முடியாமல் போகும் நிலை அது. அந்த வீட்டில் வேறொருவர் தினமும் பார்த்துச் சொன்னால்தான் உண்டு.

கால் முன்கூட்டியே சொல்லும் அறிகுறிகள்

கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது. சில நிமிடம் நின்றால் சரியாகிறது. மீண்டும் அதே தூரம் நடந்தால் மீண்டும் அதே வலி. இது கால் ரத்தக் குழாய் அடைப்பின் முக்கியமான அடையாளம். நம் ஆட்கள் இதை "நரம்பு இழுக்குது", "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடுவார்கள். அல்லது உருவி விடச் சொல்வார்கள்.

பிரிக்பீல்ட்ஸ் உடம்பு பிடித்துவிடும் நிலையங்களுக்குப் பேர்போன இடம். அசதிக்கும் தசைப் பிடிப்புக்கும் அங்கு போவதில் தவறில்லை. ஆனால் அடைத்துப்போன ரத்தக் குழாயை உருவித் திறக்க முடியாது. நடந்தால் வலி, நின்றால் சரி என்ற கணக்கு இருந்தால் போக வேண்டிய இடம் கிளினிக்தான். காலில் புண்ணோ கறுத்த விரலோ இருந்தால் அந்தக் காலை உருவவே கூடாது.

இரவில் படுத்த பிறகு பாதம் எரிந்து வலிப்பது, கட்டிலிலிருந்து காலைத் தொங்கப் போட்டால் வலி குறைவது இன்னும் கடுமையான நிலை. படுத்த நிலையில் பாதம் வரை ரத்தம் எட்டவில்லை என்பதன் அடையாளம் அது. ஒரு கால் மட்டும் குளிர்ந்திருப்பது, காலில் முடி உதிர்ந்து தோல் மினுமினுப்பது, புண் இரண்டு வாரமாகியும் சுருங்காமல் இருப்பது, விரல் நுனி கறுப்பது ஆகியவையும் அடையாளங்களே.

நரம்பு ஏற்கெனவே கெட்டுப்போன நீரிழிவு நோயாளிக்கு இந்த வலிகள் எதுவும் வராமலும் போகலாம். ஆகவே "வலிக்கல, அதனால ஒண்ணுமில்ல" என்பது ஆறுதலான செய்தி ஆகாது. ஆழமான புண் வலிக்கவில்லை என்றால் அதுவே கவலைப்பட வேண்டிய விஷயம்.

திடீரென்று ஒரு கால் வெளுத்து, சில்லிட்டு, கடுமையாக வலித்து, அசைக்க முடியாமல் போனால் அது அவசர நிலை. ரத்தக் கட்டி குழாயை அடைத்திருக்கலாம். சில மணி நேரத்துக்குள் அவசரப் பிரிவுக்குப் போனால்தான் காலைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. மறுநாள் காலை வரை காத்திருக்கக் கூடாது.

வெறுங்காலும் வீட்டு வைத்தியமும்

வீட்டுக்குள் செருப்பு போடுவது நம் வழக்கமில்லை. கோயிலில் போடவே முடியாது. ஜாலான் ஸ்காட்டில் உள்ள ஸ்ரீ கந்தசுவாமி கோயிலானாலும், கிள்ளான் கோயில்களானாலும், நண்பகல் வெயிலில் வெளிப் பிரகாரத்தின் தரை எப்படிச் சுடும் என்பது நமக்குத் தெரியும். தைப்பூசத்தில் ஜாலான் துன் எச்.எஸ். லீயில் இருக்கும் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலிலிருந்து பத்துமலை வரை ரதத்தோடு வெறுங்காலில் நடந்து, 272 படி ஏறுகிறவர்கள் ஆயிரக்கணக்கானோர். தீமிதிப்பவர்களும் உண்டு.

நேர்த்திக்கடன் செலுத்துவது அவரவர் நம்பிக்கை. ஆனால் உணர்ச்சி உள்ள பாதம் சுட்டதும் சொல்லிவிடும், மரத்த பாதம் சொல்லாது. நீரிழிவு உள்ளவர்கள் விரதம் தொடங்கும் முன்பே கிளினிக்கில் பாதத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும். உணர்ச்சி இல்லை என்று தெரிந்தால் வேறு வகையில் நேர்த்திக்கடனைச் செலுத்துவதைப் பற்றி வீட்டில் பேசலாம். சாதாரண நாட்களில் தரை குளிர்ந்திருக்கும் காலையிலோ மாலையிலோ கோயிலுக்குப் போகலாம். வீடு திரும்பியதும் பாதத்தைக் கழுவி, விளக்கு வெளிச்சத்தில் பார்க்கலாம். வீட்டுக்குள் போட்டுக்கொள்ளத் தனியாக ஒரு மெத்தென்ற செருப்பு வைத்துக்கொள்வதில் எந்தச் சாமியும் கோபித்துக்கொள்ளாது.

புண் வந்தால் வீட்டில் செய்யும் வைத்தியமும் நிறைய. மஞ்சள், சுண்ணாம்பு, தேங்காய் எண்ணெய், காமாட் எண்ணெய், சுடுதண்ணீரில் காலை ஊற வைப்பது, ஆணிக்கு மருந்துக் கடைப் பிளாஸ்டர் ஒட்டுவது. மரத்த காலைச் சுடுதண்ணீரில் வைத்தால் வெந்துபோவது தெரியாது. ஆணி பிளாஸ்டரில் உள்ள அமிலம் நல்ல தோலையும் அரித்துவிடும். எண்ணெயும் பொடியும் புண்ணை மூடிவிடுவதால் உள்ளே சீழ் வைப்பது வெளியே தெரியாமல் போகும். எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு, இவற்றில் போகும் நாட்கள். "ஒரு வாரம் பார்ப்போம்" என்பது மூன்று வாரம் ஆகிவிடுகிறது.

மருத்துவமனையில் கேட்க வேண்டிய கேள்வி

அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் குடிமக்களுக்கான கட்டணம் 1 வெள்ளி. சுகாதார அமைச்சு 2018-இல் வெளியிட்ட நீரிழிவுப் பாத சிகிச்சை வழிகாட்டியே, நீரிழிவு உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறையாவது பாதச் சோதனை செய்ய வேண்டும் என்கிறது. மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பாதத்தில் நாடி துடிக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும் சோதனை இது. ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது சப்பாத்தைக் கழற்றி, "டாக்டர், என் காலையும் பாருங்க" என்று நாமே கேட்கலாம்.

40 வயதும் அதற்கு மேலும் உள்ள பி40 பிரிவினருக்குப் பெக்கா பி40 திட்டத்தின் கீழ் இலவச உடல் பரிசோதனை நடப்பில் உள்ளது. ரத்தத்தில் சர்க்கரை அளவும் அதில் பார்க்கப்படும். நீரிழிவு இருப்பதே தெரியாதவர்கள் தொடங்க வேண்டிய இடம் இதுதான்.

புண்ணோடு மருத்துவமனைக்குப் போனவர்களும் குடும்பத்தாரும் ஒரு கேள்வியை மறக்காமல் கேட்க வேண்டும்: "காலுக்கு ரத்த ஓட்டம் எப்படி இருக்கு டாக்டர்?"

இதற்கு எளிய சோதனை இருக்கிறது. கணுக்காலில் அளக்கும் ரத்த அழுத்தத்தைக் கையில் அளக்கும் அழுத்தத்தால் வகுத்துப் பார்ப்பார்கள். 0.9-க்குக் கீழே இருந்தால் அடைப்பு இருக்கிறது. 0.4-க்கும் கீழே போனால் நிலைமை மோசம். நீரிழிவோ சிறுநீரக நோயோ உள்ளவர்களுக்குக் குழாய் இறுகிப்போயிருப்பதால் இந்த எண் தவறாக அதிகமாகக் காட்டலாம். அப்போது கால் விரலில் அழுத்தம் அளப்பார்கள், அல்லது ஸ்கேன் எடுப்பார்கள்.

அடைப்பு இருந்தால் இரண்டு வழி. ஒன்று, மெல்லிய குழாயைச் செலுத்தி உள்ளே பலூனை விரித்து வழியைத் திறப்பது. இருதயத்துக்குச் செய்யும் ஆஞ்சியோபிளாஸ்டி போன்றதே இதுவும். மற்றொன்று, உடலின் வேறு இடத்திலிருந்து ஒரு ரத்த நாளத்தை எடுத்து அடைப்பைத் தாண்டி இணைக்கும் பைபாஸ். எல்லாருக்கும் இரண்டும் பொருந்தாது. சிலருக்கு இரண்டுமே முடியாமலும் போகலாம். ஆனால் அதை முடிவு செய்ய ரத்தக் குழாய் அறுவை நிபுணர் பார்க்க வேண்டும். கோலாலம்பூர் மருத்துவமனையிலும் மலாயா பல்கலைக்கழக மருத்துவ மையத்திலும் இந்தப் பிரிவு உண்டு. கிள்ளான் வட்டார மக்கள் முதலில் போவது பெரும்பாலும் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்கு. எங்கே சிகிச்சை பெற்றாலும் "ரத்தக் குழாய் நிபுணரிடம் காட்ட முடியுமா?" என்று மரியாதையோடு கேட்பது நோயாளியின் உரிமை.

விரல் போனால் கால் தப்பும்

சில நேரங்களில் மருத்துவர் ஒரு விரலை எடுக்க வேண்டும் என்பார். குடும்பமே கூடி மறுத்துவிடும். "இன்னைக்கு விரல்னு சொல்வாங்க, நாளைக்கு கால்னு சொல்வாங்க" என்ற பேச்சு வரும்.

கணுக்காலுக்குக் கீழே விரலையோ பாதத்தின் ஒரு பகுதியையோ எடுப்பது சிறிய அகற்றம். கணுக்காலுக்கு மேலே எடுப்பது பெரிய அகற்றம். ரத்த ஓட்டம் போதுமான அளவு இருக்கும்போது, செத்துப்போன விரலை நேரத்தோடு எடுத்தால் கிருமி பாதத்துக்கு ஏறாமல் தடுக்கலாம். ரத்த ஓட்டத்தைச் சரிசெய்யாமல் விரலை மட்டும் எடுத்தால் வெட்டிய இடம் ஆறாமல் போகலாம். நாளைக்குக் கால் என்று ஆவது பெரும்பாலும் இப்படித்தான். அதனால்தான் ரத்த ஓட்டத்தைப் பற்றிய கேள்வியை முதலில் கேட்கச் சொல்கிறோம்.

பெரிய அகற்றத்திலும் முழங்கால் மூட்டு தப்புகிறதா என்பது வாழ்க்கையையே மாற்றும் விஷயம். மூட்டு இருந்தால் செயற்கைக் காலோடு நடப்பது எளிது. மூட்டுக்கு மேலே எடுத்தால் ஒவ்வோர் அடிக்கும் மிக அதிகமான உடல் சக்தி தேவைப்படும். வயதானவர்களும் இருதய நோயாளிகளும் பலர் அதற்குப் பிறகு சக்கர நாற்காலியிலேயே இருந்துவிடுகிறார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கிருமி ரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்து என்ற நிலையில் காலை எடுப்பது உயிரைக் காப்பாற்றும் சிகிச்சை. அப்போது "சொந்த ரிஸ்க்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வருவது அப்பாவின் காலைக் காப்பாற்றுவதாகாது. அப்பாவையே இழப்பதில்தான் அது முடியும். இன்னொரு மருத்துவரின் கருத்து வேண்டுமென்றால் அன்றே, அங்கேயே கேளுங்கள்.

அறுவைக்குப் பிறகு

இதைப் பற்றி நம் வீடுகளில் யாரும் பேசுவதில்லை. ரத்தக் குழாய் நோயாலும் நீரிழிவாலும் பெரிய அகற்றம் செய்துகொண்டவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஐந்து ஆண்டுகளுக்குள் இறந்துவிடுகிறார்கள் என்று பல நாடுகளின் ஆய்வுகள் காட்டுகின்றன. பல புற்றுநோய்களைவிட மோசமான கணக்கு அது. "காலை எடுத்ததால்தான் செத்தார்" என்று ஊர் சொல்லும். உண்மையில் காலை அடைத்த அதே நோய் இருதயத்தையும் மூளையையும் அடைக்கிறது. பலர் இறப்பது மாரடைப்பாலும் பக்கவாதத்தாலும்தான்.

ஆகவே கால் போனவருக்கு மருந்து இன்னும் முக்கியமாகிறது. கொலஸ்ட்ரால் மாத்திரை, ரத்தம் கட்டாமலிருக்கத் தரும் மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை, இன்சுலின் என மருத்துவர் எழுதிக்கொடுத்தவற்றை, "கால்தான் போயிருச்சே, இனி எதுக்கு" என்று நிறுத்தக் கூடாது. புகையை அன்றே விட வேண்டும். மிஞ்சிய காலைத் தினமும் பார்க்க வேண்டும். இப்போது உடல் பாரம் முழுவதும் அதன் மேல்தான். அதே நோய் அங்கேயும் இருக்கிறது.

வீட்டில் பார்த்துக்கொள்பவர்களுக்கு ஒரு குறிப்பு. முழங்காலுக்குக் கீழே எடுத்தவருக்கு வசதியாக இருக்கட்டும் என்று மூட்டுக்கு அடியில் தலையணை வைக்கிறோம். நாள் முழுக்க மூட்டு மடங்கியே இருந்தால் தசை சுருங்கி, பிறகு நீட்ட முடியாமல் போகும். அப்புறம் செயற்கைக் கால் பொருத்துவது கடினம். மூட்டை நீட்டி வைத்திருக்கவும், பயிற்சியாளர் சொல்லும் பயிற்சியைச் செய்யவும் பழக்க வேண்டும்.

இல்லாத காலில் வலி வருகிறது, இல்லாத விரல் அரிக்கிறது என்று அவர் சொன்னால் யாரும் சிரிக்க வேண்டாம், பயப்படவும் வேண்டாம். மூளையில் அந்தக் காலுக்கான இடம் இன்னும் இருக்கிறது. மருந்தும் பயிற்சியும் உண்டு, மருத்துவரிடம் சொல்லலாம். மனச் சோர்வும் அப்படித்தான். சம்பாதித்துக் குடும்பத்தை நடத்திய மனிதர் குளியலறைக்குப் போகவும் மகனை அழைக்க வேண்டியிருப்பது சாதாரண வேதனையல்ல. அவர் பேசாமல் இருந்தால் "கோவக்காரர்" என்று ஒதுக்கிவிடாமல் உதவி தேட வேண்டும்.

சொக்சோவும் மற்ற உதவிகளும்

வேலை செய்துகொண்டிருந்தவர் 60 வயதுக்குள் நோயால் உழைக்கும் சக்தியை இழந்தால் சொக்சோவில் இயலாமை ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். விபத்துக்கு மட்டும்தான் சொக்சோ என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. சந்தா செலுத்திய மாதங்களுக்கு நிபந்தனை உண்டு, மருத்துவ வாரியத்தின் முடிவும் தேவை. சந்தாதாரர்களுக்குச் செயற்கை உறுப்புக்கும் மறுவாழ்வுப் பயிற்சிக்கும் சொக்சோவிடம் வசதி உண்டு. மலாக்காவில் அதன் மறுவாழ்வு மையம் இருக்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ளவர்களுக்குச் செராஸ் மறுவாழ்வு மருத்துவமனையும் உண்டு.

உடலியலாமையால் வேலை செய்ய முடியாதவர் இ.பி.எப் சேமிப்பை எடுக்க விண்ணப்பிக்கலாம். சமூக நல இலாகாவில் பதிந்து ஓகேயு அட்டை பெறலாம். வருமானத்தைப் பொறுத்து மாத உதவித் தொகைக்கும் அங்கே விண்ணப்பிக்கலாம். மருத்துவரின் கையெழுத்து தேவைப்படும் பாரங்களை வார்டில் இருக்கும்போதே கேட்டு வாங்கிக்கொண்டால் அலைச்சல் குறையும். மருத்துவமனையில் இருக்கும் சமூக நல அதிகாரியைப் பார்த்தால் வழி சொல்வார்.

குறைக்க முடியும் என்பதற்குச் சான்று

இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரில் நீரிழிவு மருத்துவர், அறுவை மருத்துவர், பாத நிபுணர், தாதியர் எல்லாரும் ஒரே குழுவாகச் சேர்ந்து நோயாளிகளைப் பார்த்தார்கள். 1995 முதல் 2005 வரையிலான 11 ஆண்டுகளில், நீரிழிவு உள்ளவர்களிடையே பெரிய கால் அகற்றங்களின் விகிதம் 82 விழுக்காடு குறைந்தது. புதிய மருந்து எதுவும் கண்டுபிடித்து அவர்கள் இதைச் சாதிக்கவில்லை. புண்ணை நேரத்தோடு பார்த்தார்கள், சேர்ந்து முடிவெடுத்தார்கள். சென்னை இராயபுரத்தில் 1954-இல் தொடங்கப்பட்ட எம்.வி. நீரிழிவு மருத்துவமனையும் பாதப் பராமரிப்பைச் சொல்லிக் கொடுப்பதில் பல்லாண்டு அனுபவம் உள்ளது. சொன்னதைக் கடைப்பிடித்த நோயாளிகளுக்குப் புண் ஆறுவதும், கடைப்பிடிக்காதவர்களுக்குப் பிரச்சினை தொடர்வதும் 2005-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்விலேயே தெரிந்தது.

இன்றிலிருந்து வீட்டில் செய்யக்கூடியவை இவை:

தினமும் இரவு இரு பாதங்களையும், விரல் இடுக்குகளையும் பாருங்கள். குனிய முடியாதவர் தரையில் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். கண் தெரியாதவருக்குப் பேரப்பிள்ளை பார்த்துச் சொல்லட்டும்.

கழுவிய பிறகு விரல் இடுக்கில் ஈரம் இல்லாமல் துடையுங்கள். வறண்ட குதிகாலுக்குக் கிரீம் தடவுங்கள், விரல் இடுக்கில் தடவ வேண்டாம்.

நகத்தை நேராக வெட்டுங்கள். ஆணியைப் பிளேடால் சீவாதீர்கள்.

சப்பாத்தைப் போடுமுன் உள்ளே கைவிட்டுப் பாருங்கள். புதுச் சப்பாத்தை, பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் வாங்குங்கள்.

புகையை விடுங்கள். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி எவ்வளவு என்று கிளினிக்கில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

புண், கொப்புளம், நிறமாற்றம் எதைப் பார்த்தாலும் மறுநாளே கிளினிக்குக்குப் போங்கள். சிவப்பு பரவினால், வீங்கினால், நாற்றம் அடித்தால், காய்ச்சல் வந்தால், விரல் கறுத்தால் அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இனி யாராவது "ஆஸ்பத்திரிக்குப் போனா காலை எடுத்துருவாங்க" என்று சொன்னால் வாதாட வேண்டாம். "புண் வந்து எத்தனை நாளாச்சு மாமா?" என்று கேளுங்கள். பதில் "ரெண்டு நாள்" என்றால் நிறைய வழி இருக்கிறது. "மூணு வாரம்" என்றால், அன்றைக்கே காடியில் ஏற்றிக்கொண்டு புறப்படுங்கள்.